முன்னிருந்தோர் விட்டுச்சென்ற உணவு

வாடகை வீடுகளில் வாழ்வோர்க்கு வீடு மாறுவது பழகிப்போன ஒன்று. புதிய வீட்டில் அடியெடுத்து வைக்கும்போது, முன்னிருந்தவர்கள் விட்டுச்சென்ற ஏதேனும் ஒரு பொருள் கண்ணில் படாமல் இருப்பதில்லை. ஆணியில் பழைய நாள்காட்டி, கதவின் பின்னே தேய்ந்த துடைப்பம், பரணில் துருப்பிடித்த அரிவாள்மணை. இவற்றுக்காக யாரும் மனம் குழம்புவதில்லை. உணவுப் பண்டமாக இருந்தால் மட்டும் தடுமாற்றம் வந்துவிடுகிறது. எறிந்தால் அல்லாஹ்வின் அருட்கொடையை வீணாக்கியவர்கள் ஆவோமோ என்ற அச்சம். உண்டால் பிறர் பொருளை உண்டோமோ என்ற ஐயம்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்பதால் இத்தகைய கேள்விகளோடு என்னிடம் வருவோர் உண்டு. “ஹஜ்ரத், இது ஹலாலா?” என்பார்கள். “இது உடலுக்குக் கேடு செய்யுமா?” என்று கேட்போர் மிகக் குறைவு. முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதும் தீர்ந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், திருச்சி தென்னூரில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். எங்களுக்கு முன் அங்கே பல்லாண்டுகள் இருந்தவர்கள் வயது முதிர்ந்த வைணவத் தம்பதியர். பெரியவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இறுதிக் காலத்தைக் கோயிலின் அருகே கழிக்க விரும்பித் திருவரங்கத்துக்குப் போய்விட்டார்கள். சமையலறை அலமாரியில் அவர்கள் விட்டுச்சென்றவை இருந்தன. ஒரு தகர டின்னில் ஐந்து படி அளவுக்குப் பொன்னி அரிசி, பிரிக்காத துவரம் பருப்புப் பொட்டலம், அரை பாட்டில் நெய், ஒரு டப்பா வேர்க்கடலை, பீங்கான் ஜாடி நிறைய மாவடு. ஒரு சிறு குப்பியில் வெண்மையான கட்டிகள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் வெள்ளை மாவு. கோயில் பிரசாதம் என்று எழுதிய காகிதப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.

என் மனைவி பட்டப்படிப்புப் படித்தவளல்லள். எனினும் அன்று அவள் செய்ததே சரியான செயல். எதையும் அடுப்பில் ஏற்றாமல், எதையும் குப்பையில் கொட்டாமல், யாவற்றையும் ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்து மூடி, “உடையவர்களைக் கேட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்” என்றாள்.

மார்க்கச் சட்டமும் இதையே சொல்கிறது. வழியில் கிடந்த பேரீச்சம்பழம் ஒன்றைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அது ஸதகாவின் பழமாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாதிருந்தால் தாம் உண்டிருப்பதாகக் கூறியதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். அற்பமான பொருளுக்கு உடையவரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும், தமக்கு ஆகாததாக இருக்கக்கூடும் எனில் விலகிக்கொண்டார்கள் என்பதும் அதிலிருந்து விளங்கும். வழியில் கண்டெடுக்கும் பொருளைப் பற்றிய ‘லுக்தா’ சட்டங்கள் ஃபிக்ஹு நூல்களில் விரிவாக உள்ளன. விரைவில் கெட்டுவிடும் உணவைக் கண்டெடுத்தவர் அதை விற்று விலையை வைத்திருக்கலாம், அல்லது உண்டுவிட்டு ஈடு கொடுக்கப் பொறுப்பேற்கலாம் என்பது ஷாஃபியீ மத்ஹபின் சட்டம். ஆனால் உடையவர் யார், எங்கிருக்கிறார் என்று தெரிந்த பொருள் லுக்தா ஆகாது. அது அமானிதம். கேட்டுவிட்டால் தீர்ந்தது.

தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். பிரசாதப் பொட்டலம் ஒன்று இருந்ததால் நேரில் போவதே முறை என்று பட்டது. தெய்வத்துக்குப் படைத்ததை நாம் உண்பதில்லை. ஆயினும் மற்றவர்கள் புனிதமாகப் போற்றும் ஒன்றைக் குப்பையில் போடும் உரிமையும் நமக்கில்லை. ஒன்றாம் எண் பேருந்தில் ஏறிக் காவிரியைக் கடந்து, அடையவளஞ்சான் வீதியில் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன்.

“வாங்கோ பாய், உள்ளே வாங்கோ” என்று பெரியவர் எழுந்து வந்தார். பொட்டலத்தைக் கையில் கொடுத்ததும் அந்த அம்மையார் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “மத்ததெல்லாம் மறந்து விட்டதில்லை. புதுசா வர்றவா முதல் நாள் கடைக்கு ஓட வேண்டாமேன்னு வெச்சுட்டு வந்தேன்” என்றார். உரிமை பற்றிய கேள்வி அத்துடன் முடிந்தது. அன்பளிப்பாக அளித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1752ஆம் ஆண்டில் சந்தா சாகிபுக்குத் துணையாகத் திருச்சியை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை, தென்கரையை விட்டுத் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கியபோது, எடுத்துப்போக இயலாத உணவுச் சேமிப்பைக் கொளுத்திவிட்டுப் போனது. பின்னால் வருபவன் உண்ணக்கூடாது என்பது போரின் வழக்கம். அதே தீவில் வாழும் ஒரு மூதாட்டி, பின்னால் வருபவர் உண்ணட்டும் என்று ஐந்து படி அரிசியை வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்தது ஹலாலா என்ற கேள்வி. அறுக்கப்பட்ட இறைச்சி தவிர, பிற சமயத்தார் வீட்டுத் தானியமும் காயும் நெய்யும் நமக்கு ஆகுமானவையே. அசுத்தம் கலந்ததென்று உறுதியாகத் தெரியாதவரை, வெறும் சந்தேகத்தால் ஒரு பொருள் அசுத்தமாகிவிடாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் ஹலால், ஹராம் பற்றித் தனி நூற்பகுதியே அமைத்து, பேணுதலுக்கும் வீண் வஸ்வாஸுக்கும் உள்ள எல்லையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். வேட்டையில் சிக்கிய மான் ஒருவேளை இன்னொருவர் கையிலிருந்து தப்பி வந்ததாக இருக்குமோ என்று அஞ்சி விடுவது பேணுதல் ஆகாது, வஸ்வாஸே ஆகும் என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. ‘ஐயங்கார் வீட்டு மாவடுவை நாம் உண்ணலாமா?’ என்று தயங்கிய உறவினர் ஒருவருக்கு இதைத்தான் சொன்னேன். (அவரே பின்னர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போனார் என்பது வேறு கதை.)

அரிசியும் பருப்பும் நெய்யும் மாவடுவும் இவ்வாறு இரண்டு வாயில்களையும் கடந்தன. மூன்றாவது வாயிலில் நின்றுவிட்ட பொருள்களும் இருந்தன.

அந்த அம்மையாரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரிசியில் வண்டு இருந்தால் புடைத்து வெயிலில் காயவைத்தால் போதும் என்றார். அது சரியே, அரிசி வண்டு நஞ்சன்று. மாவடுவில் உப்புநீர் காய்க்கு மேலே நிற்கிறதா, வெள்ளைப் படலம் பூத்திருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். உப்பு நிறைந்த நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை கெடுக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுவதில்லை. ஈரக் கரண்டி பட்டாலோ, உப்பு குறைந்தாலோதான் பழுது. நெய்யில் எலி விழுந்து இறந்தால் அதையும் அதைச் சுற்றியுள்ளதையும் எடுத்தெறிந்துவிட்டு எஞ்சியதை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை அன்னை மைமூனா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உறைந்த நெய்க்கே இது பொருந்தும் என்பது அறிஞர்களின் விளக்கம். உருகியதில் எங்கும் பரவிவிடும் அல்லவா? எங்கள் பாட்டிலில் எலியும் இல்லை, சிக்கு வாடையும் இல்லை.

வேர்க்கடலையில்தான் நான் தயங்கினேன். சில பருப்புகளில் பச்சை கலந்த சாம்பல் நிறப் பூசணம். கெட்டதைப் பொறுக்கிவிட்டு நல்லதை வறுத்துக் கொள்ளலாம் என்பது நம் வீடுகளின் வழக்கம். இந்தப் பூசணம் விடும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் அருகிலுள்ள பருப்புகளிலும் இருக்கக்கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழியாது. 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சிற்றூர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் கல்லீரல் நோயால் மாண்டனர். ஹலாலான சோளம்தான், அவர்களுடைய சொந்த வயலில் விளைந்ததுதான்.

குப்பியிலிருந்த வெண்கட்டி பச்சைக் கற்பூரமா, ஏற்றும் சூடமா என்று அம்மையாருக்கே நினைவில்லை. முன்னது பாயசத்தில் கடுகளவு இடுவது. பின்னது சிறு குழந்தையின் வயிற்றில் போனால் வலிப்பு வந்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்.

“ஹார்லிக்ஸ் பாட்டிலில் உள்ளது மைதாவா, அரிசி மாவா அம்மா?” என்றேன்.

அந்த அம்மையார் முகம் வெளுத்துப் போயிற்று. “ஐயையோ, அதை எடுத்துக் கொட்டச் சொன்னேனே! கரப்பானுக்கு வெச்சது பாய். மாவிலே போரிக் பவுடரும் சர்க்கரையும் கலந்திருக்கு. குழந்தைகள் இருக்காளா உங்காத்துலே?”

இருக்கிறார்கள். கடைசி மகனுக்கு ஐந்து வயது. பாட்டிலைப் பார்த்தாலே பால் கேட்பவன். போரிக் பவுடருக்கு மணமில்லை, சுவையும் அறிய இயலாது, அடுப்பில் வைத்தால் போய்விடுவதுமில்லை. எங்கள் வீட்டில் அந்த மாவைச் சலித்து, பிசைந்து, சுட்டெடுத்திருந்தாலும் யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அண்டாவின் மூடி ஒன்றுதான் குறுக்கே நின்றது.

பாத்திரம் மாறினால் பண்டம் மாறிவிடாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோஃபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. அந்த மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருந்ததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. பெயர் எழுதாத பாட்டிலைப் பொறுத்தவரை, முகர்ந்து பார்ப்பதும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதும் சோதனையே அல்ல. என்னவென்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தால் கேட்க வேண்டும். இல்லையெனில் விட்டுவிட வேண்டும். ஐயமானதை விட்டு ஐயமற்றதன் பக்கம் செல்லுமாறு ஹஸன் (ரலி) அவர்கள் வழியாக வந்த நபிமொழி, ஹலாலுக்கு மட்டுமன்றி இதற்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

இனி, சொல்லக் கூசும் ஒன்று. திருவரங்கத்திலிருந்து திரும்பி வேண்டாதவற்றை ஒதுக்கியபோது, பக்கத்து வீட்டு அம்மணி ஒருவர், “கடலையை ஏன் எறியறீங்க? தெரு கூட்டுற பொண்ணுகிட்டே கொடுத்தா நன்மையாச்சே!” என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான். நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதும் இதுதான். நாம் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கிக்கொள்ளாத கெட்ட பொருளைத் தேர்ந்தெடுத்து அறம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தில் ஓதுகிறோம். நம் பிள்ளைக்கு ஆகாத பூசணக் கடலை அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு எப்படி ஆகும்? அரிசியில் இரண்டு படியை, புடைத்துச் சுத்தம் செய்து, அவளுக்குக் கொடுத்தோம்.

கடலையையும் கற்பூரத்தையும் மாவையும் வெறுமனே குப்பைத்தொட்டியில் போடவும் மனம் ஒப்பவில்லை. தென்னூர்த் தெருக்களில் தொட்டியைக் கிளறி உண்ணும் மாடுகள் உண்டு, பாட்டில் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் மனிதர்களும் உண்டு. மாவைப் பாட்டிலோடு தடித்த பையில் இறுகக் கட்டி, ‘விஷம், பிரிக்க வேண்டாம்’ என்று மையால் பெரிதாக எழுதி, காலையில் வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லி, அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதை மற்றவற்றோடு சேர்க்காமல் வண்டியின் பக்கத்தில் தனியே மாட்டிக்கொண்டு போனார்.