வரியா, நன்கொடையா?

என் ஒன்பது வயது மகள் விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றில், கவசம் அணிந்த குதிரை வீரர்கள் வருகிறார்கள். அறுவடைத் தேவதைக்குச் சத்தியம் செய்துகொடுத்து, வயல்களைக் காவல் காப்பவர்களாம். "நம்மகிட்ட இந்த மாதிரி யாராவது இருக்காங்களா அம்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஐரோப்பாவில் சமயத்துக்காக வாளேந்திய வீரர் சபைகள் உண்மையிலேயே இருந்தன. டெம்ப்ளர் வீரர்கள் 1119ஆம் ஆண்டுவாக்கில் ஜெருசலத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். 1312ல் போப்பாண்டவர் அந்தச் சபையைக் கலைத்தார். ஆனால் அவர்கள் காக்கக் கிளம்பியது யாத்திரிகர்களை. வயலைக் காக்கும் குதிரைப்படை நம் ஊர்களில்தான் இருக்கிறது.

செங்காங்கில் எங்கள் வீட்டிலிருந்து ரிவர்வேல் கிரசெண்டில் உள்ள வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்துக்கு நடந்தே போகலாம். முனீஸ்வரர் காவல் தெய்வம். குவீன்ஸ்டவுன் வட்டாரத்து முனீஸ்வரன் கோயில்கூட, 1930களில் ரயில்வே ஊழியர்கள் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கியதுதான். பிழைக்கக் கடல் தாண்டி வந்தவர்கள் காவலையும் கூடவே கொண்டுவந்தார்கள். மகளுக்கு முனீஸ்வரரைத் தெரியும். அய்யனாரைத்தான் தெரியாது.

அப்பாவின் ஊர் சிவகங்கை மாவட்டத்தில். அங்கே அய்யனார் கோயில் கண்மாய்க்கரையில் இருக்கிறது. கண்மாய் உடைந்தால் அந்த வருட விளைச்சலே போய்விடும். அதனால் காவல்காரருக்கும் அங்கேயே இடம். இரவில் அவர் குதிரையேறி, கருப்பரும் மற்றப் பரிவாரங்களும் உடன்வர, எல்லையைச் சுற்றி வருவார் என்பது நம்பிக்கை.

அந்தக் குதிரையை ஊர்தான் கொடுக்கிறது. 'புரவி எடுப்பு' என்று பெயர். முதலில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். 'பிடிமண்' என்ற அதுதான் ஒப்பந்தம். வேளார் களிமண்ணைப் பிசைந்து, கால்களில் தொடங்கி மேல்நோக்கி, உள்ளே கூடாக வைத்துக் குதிரையை எழுப்புவார். சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்ததும், ஊரே தோளில் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்தும். வெயிலிலும் மழையிலும் அது மெல்லச் சிதைந்து மண்ணோடு சேரும். மறுபடி பிடிமண் கொடுப்பார்கள்.

இதற்கான செலவுக்குத் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. அப்பா சிங்கப்பூர் வந்த பிறகும் ஒரு வருடம்கூட விட்டதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். நான் ஒரே பிள்ளை.

இந்த வருடம் பெரியப்பா ஊரிலிருந்து அழைத்தார். "வரி நோட்டுல அப்பா பேரை எடுக்கப் போறாக ஆத்தா. பொம்பளப் பிள்ளைக்குத் தலைக்கட்டு கெடையாதுல்ல. நீ பிரியப்பட்டா நன்கொடையாக் குடு. கல்வெட்டுல பேரு போடுவாக."

வானொலியில் ஒரு நொடி மௌனம் விழாமல் பேசுவதுதான் என் வேலை. அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நன்கொடை பெரிய தொகையாக இருக்கலாம். கல்லில் பெயரும் வரலாம். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. வரி அப்படியில்லை. சிறு தொகைதான், ஆனால் பாக்கி வைத்தால் வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்கும் உரிமை ஊருக்கு இருப்பதுதான் நமக்கும் அந்த ஊரில் பாத்தியதை உண்டு என்பதற்குச் சாட்சி. வாளும் கவசமும் இல்லாத அந்தப் படையில், அப்பாவை ஓர் ஆளாக வைத்திருந்தது நோட்டில் இருந்த ஒரு வரிதான்.

"நன்கொடை வேண்டாம் பெரியப்பா. எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவு, என் பேருல வரியா வாங்கிக்கச் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "கட்டிக்குடுத்த பிள்ளைகிட்ட வரி வாங்குன வழக்கம் இல்லையே தாயி" என்றார். மறுத்துச் சொல்வதுபோல இல்லை, யோசிப்பதுபோல இருந்தது. "கூட்டத்துல பேசிப் பாக்குறேன்."

இதைப் படிக்கும் பலரது அப்பா, தாத்தா பெயரும் ஏதோ ஓர் ஊர் நோட்டில் இருக்கக்கூடும். அவர்களுக்குப் பிறகு யார் பெயர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மகள்கள் அவசியம் கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கூட்டம் அடுத்த மாதம். பணம் எடுத்துவைத்திருக்கிறேன். வரித் தொகை மட்டும்.