பூனையின்மேல் விழுந்த பழி

இரத்தினபுரிக் குழிகளிலிருந்து சேற்றோடு வாரியெடுத்து அலசப்படும் கற்களுள் வைடூரியமும் ஒன்று. ஒளிபட்டால் அதன் நடுவே ஒரு வெண்கோடு பூனையின் கண்மணிபோல் அசையும். ஆதலால் ஆங்கிலத்தில் அதற்குப் பூனைக்கண் என்றே பெயர். அப்பெயரையே தாங்கி 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கேட்ஸ் ஐ’ என்னும் திகிற்படம், சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் நமக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது.

ஸ்டீபன் கிங் எழுத, லூயிஸ் டீக் இயக்கிய இப்படத்தில் மூன்று கதைகள். வீடற்ற பூனையொன்று நியூயோர்க்கிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்கும், அங்கிருந்து வட கரோலினாவின் வில்மிங்டனுக்கும் அலைந்து அவற்றை இணைக்கிறது. முதற்கதையில், புகைப்பழக்கத்தை ஒழிப்பதாகக் கூறும் நிறுவனமொன்று தன்னை நாடி வந்தவனையே வேவு பார்க்கிறது. அவன் தவறினால் அவன் மனைவியை மின்சாரம் பாயும் தரையில் நிறுத்துகிறது. அத்தரையின் கொடுமையை விளக்கிக் காட்ட முதலில் துள்ளவைக்கப்படுவது பூனையே. இரண்டாங்கதையில் செல்வனொருவன், தன் மனைவியின் காதலனை உயர்ந்த மாடியின் வெளிவிளிம்பில் நடக்கவைத்துப் பந்தயம் கட்டுகிறான். வாகனங்கள் விரையும் வீதியைப் பூனை உயிரோடு கடக்குமா என்பதும் அவனுக்குப் பந்தயந்தான். இவ்விரண்டிலும் பேயுமில்லை, பிசாசுமில்லை. அஞ்சவைப்பவை பணமும் அதிகாரமுமே.

மூன்றாங்கதையில்தான் பூதம் வருகிறது. சுவரினுள் ஒளிந்து வாழும் அது, இரவில் சிறுமி அமண்டாவின் மூச்சைத் திருட முயல்கிறது. ட்ரூ பேரிமோர் நடித்த அச்சிறுமி, பூனைக்கு ‘ஜெனரல்’ எனப் பெயரிட்டு அணைத்துக்கொள்கிறாள். ஆனால், வீட்டுப் பறவையைப் பூதம் கொன்றபோது பழி பூனையின்மேல் விழுகிறது. தாய் எதையும் ஆராயவில்லை. அதனைக் கொல்லக் கொடுத்துவிடுகிறாள்.

நம் நெஞ்சைத் தைப்பது இவ்விடமே. வீட்டில் கேடு நேர்ந்தால் வெளியிலிருந்து வந்ததையே முதலிற் சந்தேகி என்பது அத்தாயின் நீதி. நம் நாட்டில் அந்நீதி சட்டமுமாயிற்று, தீயுமாயிற்று. தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டு, லயங்கள் எரிந்தபோது, அங்கு குடியிருந்தோர் செய்த குற்றம் யாது? இப்படம் வெளிவந்த ஆண்டிலும் நம்மவருட் பலர் நாடற்றோராகவே இருந்தனர். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே அக்குறையைத் தீர்த்தன.

தப்பித் திரும்பும் பூனை பூதத்தோடு போரிடுகிறது. பூதம் மின்விசிறியிற் சிக்கி அழிகிறது. அதன் எச்சத்தைக் கண்ட பின்னரே பெற்றோர் பூனையை ஏற்றுக்கொள்கின்றனர். அரங்கில் கைதட்டல் எழும். எனினும் நாம் கேட்கிறோம்: சிறுமியைக் காத்திராவிடில் அப்பூனைக்கு அவ்வீட்டில் இடமில்லையா?

‘எம் உழைப்பால் இந்நாடு செழித்தது, ஆகவே எமக்கு உரிமை வேண்டும்’ என்று மேடைகளில் முழங்குகிறோம். அவ்வுழைப்பு மெய், அதற்குரிய கூலியும் காணியும் கேட்பது நியாயமே. ஆயின், கொழுந்து பறிக்க இயலாத கிழவிக்கும், இன்று பிறந்த பிள்ளைக்கும் உரிமை எதனால் வந்தது? மனிதராய் இம்மண்ணில் வாழ்வதனாலன்றோ? உரிமை சேவைக்குத் தரும் பரிசன்று.

ஆசிரியர்கள் இப்படத்தை மாணவருக்குக் காட்டுவார்களாயின், பூதத்தைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திவிட வேண்டாம். சான்று கிடைக்குமுன்னரே பூனையை நம்பியவள் அச்சிறுமி ஒருத்தியே என்பதையும் எடுத்துரைக்கட்டும்.