தாத்தா வெட்டிய கான்

எங்கள் தாத்தா கான் வெட்டுவதில் பேர் போனவர். தோட்டத்தில் அவர் பால்மரம் சீவிய ஆண்டுகளைவிட வெளிக்காட்டு வேலை பார்த்த ஆண்டுகளே அதிகம். ஒரு சங்கிலி நீளத்துக்கு இவ்வளவு காசு என்று கணக்காம். கயிறு பிடிக்காமலே கோடு போட்டதுபோல் வெட்டுவார் என்று பாட்டி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பார். "தண்ணி எறங்குனாத்தான் மரம் நிமிரும்" என்பது தாத்தாவின் வேதவாக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், புறப்பாட நடவடிக்கை ஒன்றுக்காக அப்படிப்பட்ட ஒரு கானை அடைக்க நான் போனேன். வீட்டில் சொல்லாமல்தான் போனேன். அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஊர் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். ஊரைத் தாண்டி, செம்பனை முடிகிற இடத்தில் ராஜா மூசா காடு தொடங்குகிறது. 23,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட சதுப்புக் காடு அது. பக்கத்திலுள்ள சுங்கை காராங் காட்டையும் சேர்த்து வட சிலாங்கூர் சதுப்புக் காடு என்பார்கள். 1990-இல் இவை பாதுகாக்கப்பட்ட காடுகளாக அரசிதழில் பதிவாயின. தஞ்சோங் காராங் வட்டாரத்தின் ஏறத்தாழ 20,000 ஹெக்டர் நெல்வயல்களுக்கு இந்தக் காடு பிடித்து வைக்கும் நீரும் துணை. நாம் கடையில் வாங்கும் அரிசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தெரிந்ததே இருபது வயதில்தான்!

இந்தக் காட்டு மண்ணை மலாயில் 'காம்புட்' என்பார்கள். இடைநிலைப்பள்ளிப் புவியியல் பாடத்தில்தான் அந்தச் சொல்லை முதலில் படித்தேன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தும் அதற்குத் தமிழில் என்னவென்று தெரியாது. அகராதி 'முற்றா நிலக்கரி' என்கிறது. தாத்தா 'கரிமண்ணு' என்பார். எனக்குத் தாத்தாவின் சொல்லே பிடித்திருக்கிறது. உண்மையில் அது மண்ணே அல்ல. நீரில் ஊறிக் கிடப்பதால் மக்காமல் போன இலையும் வேரும் மரக்கட்டையும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து ஆனது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நிறையத் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் நீர்தான் வரும்.

அந்த நீரைக் கான் வெட்டி இறக்கிவிட்டால் கரிமண் காய்ந்து சுருங்குகிறது; நிலமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்து போகிறது. காய்ந்த கரிமண் என்பது அடுப்பு விறகேதான். தீப்பிடித்தால் மேலே அணைந்ததுபோல் தெரியும், அடியில் நாள்கணக்கில் புகைந்து, வேறோர் இடத்தில் எழும்பும். தாத்தா சொன்னது செம்பனைக்கு முற்றிலும் உண்மை. இந்தக் காட்டுக்கு மட்டும் அதுவே எமன்.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். தோட்டம் விற்கப்பட்டபோது கையில் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் மாமா 2006-இல் மூன்று ஏக்கர் நிலம் 'வாங்கினார்'. தரகர் ஒருவர் முத்திரை குத்திய காகிதம் கொடுத்தார். ஒன்பதாயிரம் ரிங்கிட்! நிலம் காட்டுக்குள் இருந்தது. "கொஞ்ச நாள்ல பட்டா வந்துரும்" என்றாராம் தரகர். தாத்தாதான் அந்த நிலத்துக்குக் கான் வெட்டிக் கொடுத்தார். 2008-இல் அதிகாரிகள் வந்தார்கள். செம்பனைக் கன்றுகள் பிடுங்கப்பட்டன. தரகரின் கைப்பேசி எண் அதற்கு முன்பே செத்துவிட்டது. எனக்கு அப்போது ஐந்து வயது. மாமா வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்ததும், அம்மா சோற்றுத் தட்டை இரண்டு முறை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததும் நினைவில் இருக்கின்றன. அந்தக் காகிதம் இன்றும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

மாமா செய்தது தவறு. பாதுகாக்கப்பட்ட காட்டில் யாருக்கும் நிலம் இல்லை. ஆனால், மூன்று தலைமுறை மற்றவர் நிலத்தைத் திருத்திக் கொடுத்தவர்களுக்குச் சொந்தமாகக் கையகல மண் வேண்டும் என்ற ஆசை வந்ததைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் 'காடு' என்ற பேச்சே அதன்பிறகு இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2014-இல், ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினேன். "காடு மேடாய்க் கிடந்த இந்நாட்டை வளநாடாக்கியவர்கள் நம் முன்னோர்!" என்று கை உயர்த்தி முழங்கினேன். தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாரும் ஒரு முறையாவது இப்படி முழங்கியிருப்பீர்கள். அவ்வாண்டு கடும் வறட்சி. சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு. எங்கள் வீட்டில் வாளிகளும் அண்டாக்களும் வரிசையில் நின்றன. ராஜா மூசா பக்கம் கரிமண் புகைந்துகொண்டிருந்தது. கைத்தட்டலுக்கு நடுவே இருமியது நினைவிருக்கிறது. நான் புகழ்ந்து பேசிய வேலைக்கும் அந்தப் புகைக்கும் தொடர்பு உண்டென்று பதினொரு வயதில் எப்படித் தெரியும்?

சரி, கான் அடைக்கப் போன கதை. காலையில் பேருந்து, ஒரே நிற டீசட்டை, பதாகை, படம். இதற்கெல்லாம் நாம் குறைவைப்பதில்லை. ஆனால் அங்கே எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் அல்லர். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவர். பாக் சிக் என்றே அழைத்தோம். மாநில வனத்துறையும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்ற அமைப்பும் 2008-இல் இக்காட்டை மீட்கும் பணியைத் தொடங்கின. 2012-இல் சுற்றுக் கம்பத்து மக்கள் 'சஹாபாட் ஹூத்தான் காம்புட் சிலாங்கூர் ஊத்தாரா' என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். வட சிலாங்கூர் சதுப்புக் காட்டின் தோழர்கள் என்று பொருள். அவர்கள் மாஹாங் போன்ற சதுப்பு மரங்களின் கன்றுகளை வீட்டருகே வளர்க்கிறார்கள்; அந்தக் கன்றுகளை நடவுக்காக விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது. காட்டின் மீது அன்பு வை என்று ஏழைக்கு உபதேசம் செய்யாமல், அன்பு வைப்பதற்குக் கூலியும் கொடுக்கிறார்கள் அல்லவா?

வறட்சிக் காலத்தில் கானில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதும், புகை தெரிந்தால் உடனே தகவல் சொல்வதும் அவர்கள்தாம். இருபத்து மூவாயிரம் ஹெக்டரை எத்தனை அதிகாரிகள் சுற்றிவர முடியும்? நாங்கள் ஒரு நாள் வருகிறோம். மீதி 364 நாளும் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நாங்கள் அடைத்த கான் ஐந்தடி அகலம் இருக்கும். கம்புகளை இரண்டு வரிசையாக இறக்கி, நடுவில் மண் மூட்டைகளை அடுக்கினோம். வேலைக்கு நடுவே பாக் சிக் சொன்னார்: "இனி பாரிட், ஓராங் இந்தியா கோரேக் டூலு. லூருஸ், சந்தேக்." இந்தக் கானை முன்பு ஓர் இந்தியர் வெட்டினார், நேராக, அழகாக வெட்டியிருக்கிறார் என்றார். அவர் குரலில் குத்தல் ஏதும் இல்லை. வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவரைப் பாராட்டியதுபோல்தான் இருந்தது. நான் குனிந்து மூட்டையைத் தூக்கினேன். வாய் திறக்கவில்லை.

அன்றிரவு தாத்தாவிடம் மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "கான் ஓர் எடத்துல வளைஞ்சி போச்சா?" என்றார்.

"ஆமா தாத்தா. அங்கதான் வழுக்கி விழுந்தேன்."

"அடிமரம் ஒன்னு. வேரு இரும்பு மாதிரி. ரெண்டு கத்தி போச்சி. அதான் வளைச்சி விட்டேன்." பிறகு, "அடைச்சீங்களே, ரெண்டு கரையிலயும் உள்ள தோண்டி ஏத்துனீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு மழைக்குத் தாங்காது. கரிமண்ணுல தண்ணி நேரா மோதாதும்மா. ஓரமா அரிச்சி வழி பண்ணிக்கும்."

அவ்வளவுதான். தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, விடுமுறையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தேன். எங்கள் மூட்டைகள் நடுவில் அப்படியே இருந்தன. நீர் மட்டும் இடது கரையை அரித்துக்கொண்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. பாக் சிக் சிரித்தார். மாணவர்களின் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அன்று பேசாமல் இருந்ததாகவும், தாமே சரிசெய்ய எண்ணியிருப்பதாகவும் சொன்னார். தாத்தா சொன்னதைச் சொன்னேன். அந்தக் கானை வெட்டியவரே அவர்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ தெரியாது. "அழைத்து வா" என்றார் அவர்.

கம்பத்து மக்கள் காவல் நிற்கும் காட்டுக்கு அதே தூரத்தில்தான் நாமும் குடியிருக்கிறோம். ஆயினும் நான் போன இரு முறையும் எங்கள் மாணவர்களைத் தவிர ஒரு தமிழரையும் அங்கே காணவில்லை. தோட்டம் துரையுடையது, காடு அரசாங்கத்துடையது என்று பழகியவர்கள் நாம். நமதல்லாததை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்டால், என்னிடம் பேச்சுப் போட்டி பதில் ஏதும் இல்லை. புகை மட்டும் வீடு பார்த்து வந்ததில்லை. அது எல்லார் வீட்டுக்கும் வந்தது.

தாத்தா வந்தார். எழுபத்தெட்டு வயதில் என் மோட்டாரின் பின்னால், தொப்பியும் பழைய ரப்பர் காலணியுமாக உட்கார்ந்து வந்தார். கரையில் குந்தி உட்கார்ந்து, தோட்டத்து மலாயில் பாக் சிக்கிற்கு வேலை சொன்னார். கரைக்குள் மூன்றடி தோண்டச் சொன்னார். கம்பை அங்கிருந்து தொடங்கச் சொன்னார். இடையில் என்னைக் கூப்பிட்டு, "இதுக்குக் கூலி உண்டா, சும்மாவா?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பும்போது வளைவில் இருந்த அந்த அடிமரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார்.

விஷயம் தெரிந்த மாமா மூன்று வாரம் தாத்தாவோடு பேசவில்லை. என்னோடும்தான். அம்மா நடுவில் நின்று தவித்தார். பிறகு மழைக்காலம் வந்தது. ஓரிரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே மாமா கேட்டார்:

"கான்ல தண்ணி எவ்வளவு நிக்கிது?"

தாத்தா குழம்புக் கையோடு தம் முழங்காலுக்கு மேலே தொட்டுக் காட்டினார். மாமா தலையாட்டிவிட்டு ரசம் கேட்டார்.