பாக்கிக்கு வாசித்த கிடார்

எங்க ஊர் குமாரபாளையத்தில் விசைத்தறிக்குப் போகிறவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அதற்கு 'பாக்கி' என்று பெயர். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்கு அவ்வளவு லேசில் மாற முடியாது. ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஒரு பாக்கிக்காரர்தான் என்றால் ஹாஸ்டலில் சிரிக்கிறார்கள்.

1965-ல், யாருக்கும் தெரியாத ஆளாக இருந்தபோது, ஒரே ஒரு டாலரும் ஒரு சதவீத ராயல்டியும் வாங்கிக்கொண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேர் வந்ததும் வழக்கும் வந்தது. ஒரு ஆல்பம் கொடுத்துக் கணக்கை முடிப்பதாகப் பேச்சு. அப்படி வந்ததுதான் 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்'. 1970 புத்தாண்டன்று நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில் பதிவானது.

கடன் அடைக்க வாசித்த மாதிரியா இருக்கு? பட்டாளத்து சிநேகிதர் பில்லி காக்ஸ் பேஸ். டிரம்ஸில் பட்டி மைல்ஸ், தறி ஓடுகிற மாதிரி ஃபங்க் தாளத்தை விடாமல் பிடிக்கிறார். அதன்மேல் ப்ளூஸ் கிடார் இஷ்டத்துக்கு அலைகிறது. இடையிடையே பட்டியின் சோல் குரல் (கொஞ்சம் ஓவர்தான்).

ஒத்திகை போதவில்லை என்று ஹென்ட்ரிக்ஸுக்கே இதில் திருப்தியில்லையாம். நான் ஒத்துக்க மாட்டேன். 'மெஷின் கன்' 12 நிமிஷத்துக்கு மேல். வியட்நாமில் சண்டை போடுகிற சிப்பாய்களுக்கும், சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க்கில் போராடுகிறவர்களுக்கும் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். டிரம்ஸ் சுடுகிறது. சோலோ தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு ஸ்வரம், நீளமாக, அழுகிறது. ஹெட்போன் மாட்டிக் கேளுங்க.

அந்த செப்டம்பரிலேயே செத்துப்போனார். வயசு 27.