புளிய வனத்தில் நிழல் தேடி

விழுப்புரம் ஜங்ஷனை அறியாத தென்னாட்டுப் பிரயாணி அபூர்வம். சென்னை, திருச்சி, மாயவரம், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளில் அங்கிருந்து ரயில் பாதை செல்கிறது. ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஊரைப் பார்ப்பவர்கள் சிலரே. 1993-ல் தனி ஜில்லாவின் தலைநகரான பிறகு, கச்சேரிகளும் கடைகளும் பஸ்களும் அங்கே பெருகிவிட்டன. வீதியில் நடப்பவன் ஒரு கண்ணை முன்னாலும் மற்றொரு கண்ணைப் பின்னாலும் வைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது!

என்னோடு வந்த நண்பர் ஐம்பதைத் தாண்டியவர். ரத்தக் கொதிப்பு உள்ளவர். மாத்திரையோடு தினம் அரை மணி நேரம் நடக்கவும் வேண்டும் என்பது வைத்தியர் கட்டளை. "நடக்கிறேன், ஸ்வாமி! எங்கே நடப்பது?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 24 பேருக்கும், பெண்களில் 21 பேருக்கும் இந்தக் கோளாறு இருக்கிறது. ஓயாத இரைச்சல் மனத்தைப் பதற வைக்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருதயம் அதிக வேகத்துடன் ரத்தத்தைத் தள்ள நேருகிறது. மர நிழலில் வெப்பம் தணிகிறது, மனம் அடங்குகிறது, கால்களும் நடக்க இசைகின்றன. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரவாசிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான கட்டுரை ஒன்று, வாரம் ஒரு முறையாவது எல்லாரும் அரை மணி பசுமையான இடத்தில் கழித்தால், ரத்தக் கொதிப்புள்ளோர் தொகை நூற்றுக்கு ஒன்பது வரை குறையக்கூடும் என்று கணக்கிட்டது. தேக சுகம் உள்ளவர்கள்தானே பூங்காவுக்குப் போகிறார்கள் என்று ஆட்சேபிக்கலாம். அதில் உண்மையும் உண்டு. மரத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது அசட்டுத்தனம்.

விழுப்புரத்திலிருந்து வடக்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் திண்டிவனம். 'திந்திரிணீ' என்றால் வடமொழியில் புளிய மரம். புளியங்காடாயிருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஊர்க்கோயிலில் எழுந்தருளியிருப்பவரும் திந்திரிணீசுவரரே. நெடுஞ்சாலையின் இருபுறமும் முன்பெல்லாம் புளிய மரங்கள் கை கோத்து நின்றன. வருஷந்தோறும் காயை ஏலம் விட்டுச் சர்க்கார் பணம் பார்த்தது. நிழலை மட்டும் ஏலமில்லாமல் யாரும் அனுபவித்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலை நாலு வழியாக விரிந்தபோது அவை வெட்டுண்டன. இப்போது நடுவில் அரளிச் செடி பூத்துக் குலுங்குகிறது. மோட்டாரில் போகிறவனுக்கு அது கண்ணுக்கு அழகு. நடந்து போகிறவன் தலைக்கு அதனால் பயனில்லை. விரைவாகப் போய்ச் சேருகிறோம் என்பதை நான் மறுக்கவில்லை.

இவ்விரு ஊர்களுக்கும் அருகே திருவக்கரையில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. அவற்றுக்கு வேலியும் காவலும் உண்டு. உயிரோடிருந்த புளிய மரங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை!

திண்டிவனத்தில் அன்று மாலை நண்பர் கோயில் பிராகாரத்தைத்தான் சுற்றினார். நம் ஊர்களில் பலருக்கும் பூங்கா அதுதான். ஏரிக்கரைகளிலும் பள்ளிக்கூட வீதிகளிலும் புங்கும் வேம்பும் பூவரசும் வைக்க நகரசபைகளுக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. புளி படர்ந்து நிழல் தர ஒரு தலைமுறை ஆகும். புங்கு சில வருஷங்களிலேயே குடை பிடிக்கும். ஆட்டுக்கு எட்டாத ஒரு கூண்டும், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் அதற்குப் போதும்.