நடுவரில்லாப் பந்தயம்

ருவான்வெல்லைக்குக் கடல் இல்லை. றப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்து வறண்ட காற்றையும், மழைக்காலத்தில் மலைச்சரிவில் இறங்கும் ஈரக் காற்றையும் தவிர வேறு காற்றை நாம் அறியோம். அவ்வாறிருக்க, பாய்ப்படகுக் கழகங்களின் பந்தய விதிகளைப் பற்றி இவ்வூரிலிருந்து ஒருவர் எழுதப் புகுந்தது ஏனென்று வாசக நேயர்கள் வினவக்கூடும். வினவுவது நியாயமே.

ஆயினும் படகு நமக்கு அந்நியமன்று. குருகொட ஓயா களனி கங்கையோடு கூடும் பகுதி இது. நல்ல சாலைகள் தோன்றுமுன்னர், உள்நாட்டுச் சரக்குகள் 'பாருவ' எனச் சிங்கள மக்கள் அழைக்கும் தட்டைப் படகுகளில் ஏறி, இந்த ஆற்றின் வழியாகவே கொழும்புக்குச் சென்றன. டச்சுக்காரரும் இப்பக்கம் வந்து வியாபாரம் செய்தவர்களே. 'யாட்' என்று இன்று உலகம் வழங்கும் சொல்லும் அவர்கள் மொழியினின்று பிறந்ததுதான். வேட்டை என்பது அதன் பொருள். விரைந்து சென்று பிடிப்பதற்கான சிறு கப்பலுக்கு அப்பெயர் இடப்பட்டது. பின்னர் அது செல்வந்தரின் உல்லாசப் படகுக்குப் பெயராயிற்று. அயர்லாந்தின் கோர்க் நகரத்துக் கழகம் தன் வரலாற்றை 1720ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. சென்னைத் துறைமுகத்தில் 1911இல் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். நமது நாட்டிலும் கொழும்புத் துறைமுகத்திலும் மொரட்டுவைப் பக்கத்துப் போல்கொடை ஏரியிலும் கழகங்கள் உள்ளன.

நிற்க. நமது தம்பி அந்த ஏரிக்கரையில் படகுகளைப் பழுதுபார்க்கும் கொட்டில் ஒன்றில் வேலை செய்கிறான். அவன் மகள் நம்மோடு தோட்டத்தில் தங்கிப் படிக்கிறாள், வயது பதின்மூன்று. சென்ற சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த தம்பி இரண்டு கடதாசிகளைக் கொண்டுவந்தான். ஒன்று, ஒரு கழகத்தின் பருவகாலப் பந்தய அறிவித்தல். மற்றையது விண்ணப்பப் பத்திரம். சிறுமி விடுமுறைகளில் தந்தையிடம் சென்று, ஏரியில் சிறுவர் படகு ஓட்டிப் பழகியிருக்கிறாள் என்பது அன்றுதான் வீட்டாருக்குத் தெரியவந்தது.

வீடு இரண்டுபட்டது. "ஆத்தோட வெளையாட்டு வேணாம், அது வருசத்துக்கு ஒரு உசுரு கேக்கும்" என்றார் அப்பாயி. அவர் சொல்லைத் தள்ளிவிட முடியாது. நமது தோட்டத்திலேயே குளிக்கப் போய்த் திரும்பாதவர் உண்டு. 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரிலும் களனி கங்கை பெருக்கெடுத்ததை நாம் மறக்கவில்லை. ஆற்றின் அருகில் வாழ்ந்தும் நீந்தத் தெரியாத குடும்பங்களே நமது லயங்களில் மிகுதி. நீரைக் கண்டு அஞ்சுவதை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நீரில் நடந்துகொள்ளக் கற்பிப்பதில்லை.

"அண்ணே, நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று தம்பி பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டான். படித்தோம்.

பாய்ப்படகுப் பந்தயத்தின் சட்டப் புத்தகத்தை 'வேர்ல்ட் செயிலிங்' என்னும் உலகச் சம்மேளனம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. இப்போதுள்ள பதிப்பு 2025 ஜனவரி 1 முதல் 2028 முடிவு வரை செல்லும். அதன்கீழ் ஒவ்வொரு கழகமும் தன் பந்தய அறிவித்தலை வெளியிடும்: எவ்வகைப் படகுகள், எந்தெந்த நாட்கள், கட்டணம் எவ்வளவு, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பன அதில் இருக்கும். படகு அளவைச் சான்றிதழ், காப்புறுதி, அங்கத்துவம் என்று கேள்விகள் நீள்கின்றன. கட்டணத்தையும் படகின் விலையையும் கூட்டிப் பார்த்தபோது, தோட்டத்துக் கூலியை நம்பி வாழும் குடும்பம் இதில் எங்கே நுழைவது என்ற எண்ணம் எழாமலில்லை. சிறுவர் ஓட்டும் 'ஒப்டிமிஸ்ட்' படகை 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்ததே, இரண்டு ஒட்டுப்பலகைகளில் மலிவாகச் செய்துகொள்ளலாம் என்பதற்காகத்தான். மலிவுக்கென்று பிறந்த படகும் இன்று மலிவாக இல்லை. சிறுமிக்குக் கிடைத்தது கொட்டிலில் கிடந்த பழைய படகு; தம்பி ஓய்வு நேரங்களில் செப்பனிட்டது.

பந்தயத் தொடக்கமே ஓர் அழகு. படகுகளை வரிசையாக நிறுத்திவைக்க இயலாது. காற்றை நிறுத்த யாரால் முடியும்? ஆகவே ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்துக்கு முன் மற்றொன்று ஏறும். ஒரு நிமிடம் இருக்கையில் இரண்டாவது இறங்கும். முதற்கொடியும் இறங்கியதும் தொடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒலியும் உண்டு. ஆனால் ஒலி எழாமற் போனாலும் கொடியே கணக்கு. அந்நேரத்துக்கு முன் கோட்டைத் தாண்டிய படகு திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

புள்ளிக் கணக்கு மாணவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். பந்தயத்தை முடிக்காதவருக்குப் பொதுவாக, தொடரில் பதிவு செய்த படகுகளின் தொகையோடு ஒன்று கூட்டிய புள்ளி. பல பந்தயங்கள் கொண்ட தொடரில் ஒருவரது மிக மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடுவதும் வழக்கம். பரீட்சைகளிலும் இவ்வழக்கம் வந்தால் நன்றென்று சிறுமி சொன்னாள். பலவகைப் படகுகள் சேர்ந்து ஓடும் நாளில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. 1000 என்ற எண்ணுடைய படகு 60 நிமிடத்தில் முடித்து, 1200 என்ற எண்ணுடைய படகு 66 நிமிடத்தில் முடித்தால், பின்னதன் திருத்திய நேரம் 55 நிமிடம்; பிந்தி வந்ததே வெல்லும்.

வழி விடும் விதிகள் சிலவே. இடப்பக்கக் காற்றில் ஓடும் படகு, வலப்பக்கக் காற்றில் வரும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் அருகருகே ஓடினால், காற்று வரும் திசையில் உள்ளது விலக வேண்டும். உரிமையுள்ள படகும் மோதலைத் தவிர்க்க முயலவேண்டும்.

இவற்றுள் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. கிரிக்கெட்டிலே விரலை உயர்த்த ஒருவர் நிற்கிறார். உதைபந்தாட்டத்தில் ஊதுகுழல் ஊத ஒருவர் ஓடுகிறார். பல படகுகள் ஓடும் சாதாரணப் பாய்ப்படகுப் பந்தயத்திலோ, நீரின்மீது தீர்ப்புச் சொல்ல நடுவர் பெரும்பாலும் இல்லை. மிதவையைத் தொட்டுவிட்ட படகு, யாரும் காணாவிட்டாலும், விலகிச் சென்று தானே ஒருமுறை சுற்றித் தண்டனையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வழிவிடத் தவறியதற்குப் பெரும்பாலும் இரண்டு சுற்று. ஒருவர் பிழையை மற்றவர் ஆட்சேபிக்க விரும்பினால், அந்த இடத்திலேயே உரக்கச் சொல்லிவிட வேண்டும். கரைக்கு வந்தபின் விசாரணை.

புத்தகத்தின் முதல் விதி வெற்றி தோல்வியைப் பற்றியதன்று. ஆபத்திலிருக்கும் எவருக்கும் இயன்ற உதவி அனைத்தும் செய்யவேண்டும் என்பதே அது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடைபெற்றன. கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ தன் பந்தயத்தில் இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கடுங்காற்றில் கவிழ்ந்த சிங்கப்பூர்ப் படகொன்றின் இருவரைக் கண்டதும் பந்தயத்தை விட்டு விலகி அவர்களைக் காப்பாற்றினார். நடுவர் குழு அவருக்கு அந்தப் பந்தயத்தில் இரண்டாமிடத்தையே வழங்கிற்று. தொடரின் முடிவில் பதக்கம் கிட்டவில்லை; எனினும் கூபெர்த்தான் பதக்கத்தால் கௌரவிக்கப்பட்டார்.

இக்கதையை அப்பாயிக்குச் சொன்னோம். "அந்த ரெண்டு பேரும் பொழச்சாங்களா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. பிழைத்தார்கள் என்றோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்னும் பெண், கோடைக்கால முகாம் ஒன்றில் பாய்ப்படகைத் தொட்டவர். பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 35ஆம் இடமும், 2024இல் பாரிசில் 21ஆம் இடமும் பெற்றார். அவர் படத்தைச் சிறுமி கணிதக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒலிம்பிக் பேச்செல்லாம் நமக்கு எட்டாதது. ஆயினும் பெண்பிள்ளைக்கு இது தகுமா என்று வீட்டில் எழுந்த கேள்விக்கு அந்தப் படம் நம்மைவிட நன்றாக விடை சொல்லிற்று.

முடிவு இதுதான். விண்ணப்பத்தில் நீந்தத் தெரியுமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐம்பது மீற்றர் தடையின்றி நீந்தும் வரையில் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதக்கூடாது. எழுதாத பத்திரத்தில் நாம் கையொப்பமிட மாட்டோம். இப்பருவத்துக்கு நாள் தப்பிவிடும். சிறுமி ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, "பெரியப்பா, அம்பது மீற்றர்னா நம்ம லயத்துக் கோடி வரைக்குமா?" என்று கேட்டு, காலால் அளந்து பார்க்கப் போனாள்.

அப்பாயி இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அந்த உயிர்காப்பு அங்கி என்பதைத் தாம் கண்ணால் பார்த்து, வாரை இழுத்துப் பார்த்த பிறகே பேசுவாராம். அடுத்த போயா விடுமுறைக்கு வரும்போது ஒன்றைக் கொண்டுவரும்படி தம்பிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.