யார் கண்ணுக்கு மறைவு?

'அவன் மறைந்திருக்கிறான்' என்பது இலக்கணப்படி நிறைவான வாக்கியம், பொருளில் குறையுடையது. யார் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறான் என்பதை அது சொல்லவில்லை. இந்தச் சிறு குறை ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தில் பத்தாண்டுக் காலம் வழக்காடப்பட்டது. அதே குறை நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் வரலாற்றிலும் உண்டு. முன்னதைத் தெரிந்துகொண்டால் பின்னது தெளிவாகும்.

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடப்படுவது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதில் மாயத்தால் உருவம் மறைந்தவனைத் தாக்குபவர் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி, குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். மறைந்தவன் தாக்கினால் இரண்டில் கூடிய எண் அவனுக்கு. இதுவரை நியாயமே. ஆனால் மறைந்தவரைக் காணும் மந்திரமும் அதே புத்தகத்தில் உண்டு. அம்மந்திரத்தால் எதிரியைத் தெளிவாகக் காண்பவரும், விதியின் எழுத்தை அப்படியே படித்தால், குறைந்த எண்ணையே கொள்ள வேண்டியிருந்தது. கண்ணால் கண்டும் காணாதவருக்குரிய தண்டனை. மறைவை மறைந்தவனின் உடலில் ஒட்டிய ஒரு குணமாக எழுதியதே பிழைக்குக் காரணம். 2024இல் திருத்திய பதிப்பு ஒரு வரி சேர்த்தது: உன்னைக் காண வல்லவரிடம் இந்த அனுகூலம் உனக்கு இல்லை. அந்த ஒரு வரியால் மறைவு குணமாக இல்லாமல் உறவாக மாறியது.

அதே விளையாட்டின் வேறு விதிகள் இதை முன்பே அறிந்திருந்தன. அடர்ந்த மூடுபனியில் இருவரும் ஒருவரையொருவர் காண இயலாதபோது, அனுகூலமும் பிரதிகூலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பகடை ஒருமுறைதான் உருளும். தன்னைப் போன்ற பிம்பங்களைச் சுற்றிலும் நிறுத்தி எதிரியை மயக்கும் மந்திரம் கண்பார்வை இல்லாதவரிடம் பலிக்காது. ஏமாற்றுவதற்கும் ஒரு கண் வேண்டும். உருமாற்ற மந்திரத்தின் விதி இவற்றினும் நுட்பமானது. வேடத்தைக் கண்டுபிடிக்க விரும்புபவர் தம் முறையில் செய்யக்கூடிய ஒரே செயலை அதற்கெனச் செலவிட்டு, நின்று உற்றுப்பார்த்து, பகடையிலும் வெல்ல வேண்டும். அதாவது, எதிரே நிற்பவர் உற்றுப்பார்க்கத் தக்கவர் என்று முதலில் அவருக்குத் தோன்ற வேண்டும்.

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் இருக்கிறது. அதன் வளாகத்தில் பொந்துவிழுந்த பழைய பலாமரத்தின் அடிப்பகுதி காக்கப்பட்டு நிற்கிறது. ஊரார் அதனை அம்மச்சிப் பிலாவு என்பர். 1729இல் திருவிதாங்கூர் அரசரான மார்த்தாண்டவர்மா, அதற்கு முன் எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பி இந்தப் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதிகம். இடத்தைக் காட்டிய சிறுவன் கண்ணனே என்று நம்பி, பின்னாளில் மன்னர் அங்கே கோயில் எழுப்பினாராம். துரத்தியவர்களின் கண்ணுக்குப் பொந்தும் மறைவு. சிறுவனின் கண்ணுக்கு அது வெறும் பொந்து.

அக்காலத்தைக் களமாகக் கொண்டு சி. வி. இராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவல் 1891இல் வெளிவந்தது. பஞ்சவன்காட்டில் தாக்குண்டு இறந்தவன் என்று எல்லாரும் நம்பும் அனந்தபத்மநாபன் அதில் பிராந்தன் சான்னானாக, பித்துப்பிடித்த சான்னானாக, ஊரில் அலைகிறான். இளவரசர் உயிர்தப்ப உதவுகிறான். உயர்குடியில் பிறந்த வீரன் ஒளிந்துகொள்ளத் தேர்ந்த இடம் காடும் அன்று, சுரங்கமும் அன்று. தாழ்த்தப்பட்ட ஒரு சாதியின் பெயர். பித்தனாகவும் சான்னானாகவும் ஒருவன் எதிரே வந்தால், அதிகாரத்தின் கண் அவன்மேல் தங்காது, வழுக்கிச் செல்லும். உற்றுப்பார்க்கும் செயலை அவனுக்காக ஒருவரும் செலவிட மாட்டார்கள். மந்திரமே இல்லாமல் வேடம் பலிப்பது அதனால்தான். கதை முடிவில் அனந்தபத்மநாபன் வேடத்தைக் களைந்துவிடலாம். நாவலுக்கு வெளியே வாழ்ந்த சான்னார்களுக்குக் களைய வேடம் ஏதுமில்லை.

இந்த மறைவை உடைக்க முயன்றவர்களின் சுவடு பாலராமபுரத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் சாலியர்களை நெசவுக்காகக் குடியமர்த்தி, பாலராமவர்மா மன்னரின் பெயரால் அமைந்த ஊர் அது. அருகிலுள்ள வெங்ஙானூரில் புலையர் குடியில் பிறந்த அய்யன்காளி, தம் மக்களுக்கு விலக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் 1893இல் வில்வண்டி ஓட்டினார். ஒதுங்கியும் பதுங்கியும் மட்டுமே நடக்கலாம் என்றிருந்தவர்கள் காணப்படுவதையே செயலாக்கிக்கொண்ட நாள் அது. 1898இல் அவரும் தோழர்களும் சாலையுரிமைக்காக நடந்து வந்தபோது, பாலராமபுரம் சாலியர் தெருவில் மோதல் மூண்டது. விளையாட்டில் உருவம் மறைந்தவன் யாரையேனும் தாக்கினால் அவனுடைய மறைவு கலையும். இங்கே ஒருவர் சாலையில் நிமிர்ந்து நடந்ததே தாக்குதலாகக் கொள்ளப்பட்டது.

அம்மச்சிப் பிலாவுக்கும் இதில் பங்குண்டு. திருவிதாங்கூர் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட அரச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12இல். அதுவரை, மன்னரை மறைத்த அந்த மரத்தைக் கோயிலுக்குள் சென்று காணும் உரிமை புலையருக்கும் இல்லை, சான்னாருக்கும் இல்லை. ஒளிவிடமாக இருந்த பலா, கோயிலுக்குள் அமைந்தபின் வேறு கண்களுக்கு ஒளிபொருளாயிற்று. தம் சாதியின் பெயரை ஒரு வீரனுக்கு வேடமாகக் கொடுத்தவர்கள், அந்தக் காலத்தின் நினைவுச்சின்னத்தை வேலிக்கு வெளியே நின்று கேள்விப்பட்டதோடு சரி.

2024இன் திருத்தம் நல்ல திருத்தம். காண வல்லவரிடம் மறைவு செல்லாது என்ற வரி மேசையில் எல்லாச் சண்டையையும் தீர்த்துவிடும். ஆனால் அந்த விதி ஒன்றை ஐயமின்றி நம்புகிறது: காண வல்லவர் காண்பார் என்பதை. இருட்டையும் பனியையும் மந்திரத்தையும் கணக்கில் கொள்ளும் புத்தகத்தில், பட்டப்பகலில் எதிரே வருபவரைக் காண வல்லவராக இருந்தும் காண மறுப்பவருக்கு எந்தப் பகடையும் வைக்கப்படவில்லை. திருவிதாங்கூரில் நெடுங்காலம் வலுவாக இருந்த மறைவு மந்திரம் அதுவே. எதிராளி அதை ஏவினால், வில்வண்டியில் வருபவர் எந்த எண்ணை உருட்ட வேண்டும்?